கல், புகை, குழி: அரியலூரில் சட்டம் அன்றும் இன்றும்

கல்லங்குறிச்சிப் பக்கம் சுண்ணாம்புக்கல் வெட்டிய இடத்தில் நின்று சுரங்கச் சுவரைப் பார்த்தால் சிப்பி சிப்பியாகத் தெரியும். ஏறத்தாழ 7 கோடி ஆண்டுகளுக்கு முன்பு இங்கே கடல் இருந்தது. அந்தக் கடலில் வாழ்ந்து மடிந்த சிப்பிகளின் ஓடுகள் அடுக்கடுக்காகப் படிந்து இறுகியதுதான் இன்று லாரி ஏறும் கல். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கும் மரம் இதைவிடவும் மூத்தது, ஏறத்தாழ 12 கோடி ஆண்டு என்கிறது இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை. அத்துறையின் எம்.எஸ்.கிருஷ்ணன் 1940-இல் அதை வெளி உலகுக்குச் சொன்னார். அதற்கும் முன்பே, 1862-இல், பிளான்ஃபோர்டு என்ற ஆங்கிலேயப் புவியியலாளர் இந்தப் பாறைகளைப் பற்றி ஒரு முழு நூலே எழுதிவிட்டார். உலகப் புவியியல் வகுப்புகளில் அரியலூரின் பெயர் அடிபடத் தொடங்கியது அப்போதுதான். சிமென்ட்டால் அறியப்பட்டது பிறகு.

அந்தச் சிப்பிகள் கடல்நீரில் கரைந்திருந்த கரியை உறிஞ்சித்தான் ஓடு கட்டின. சிமென்ட் சூளை அதே கரியை வெளியே விடுகிறது. தூய சுண்ணாம்புக்கல் ஒரு டன்னைச் சுட்டால் 560 கிலோ சுண்ணாம்பு மிஞ்சும், 440 கிலோ கரியமில வாயுவாகப் போகும். இது பள்ளிக்கூட வேதியியல் கணக்கு, இதில் யாருடைய கருத்துக்கும் இடமில்லை. சூளைக்கு நிலக்கரி போடாமல் சூரிய வெப்பத்தைக் கொண்டு சுட்டாலும் இந்த 440 கிலோ போயே தீரும். சிமென்ட் தொழில் வெளிவிடும் கரியில் பாதிக்கு மேல் எரிபொருளிலிருந்து வருவதில்லை, கல்லிலிருந்தே வருகிறது.

சிமென்ட் விடும் அந்தக் கரியைக் குறைக்கும்படி ஒவ்வொரு ஆலைக்கும் பெயர் சொல்லி இந்தியச் சட்டம் கட்டளையிட்டது 2025 அக்டோபர் 8 அன்று. அதுவரை அரியலூர், பெரம்பலூர் என்ற இந்த இரு மாவட்டங்களில் சட்டம் எதைப் பார்த்தது, எதைப் பார்க்கவில்லை என்று திரும்பிப் பார்த்தால்தான் அந்த நாளின் அருமையும் போதாமையும் விளங்கும்.

பக்கத்து டால்மியாபுரத்தில் 1939-லேயே சிமென்ட் ஆலை வந்துவிட்டது. அந்த ஊருக்குக் கல்லக்குடி என்ற பழைய பெயரை மீட்க 1953-இல் தண்டவாளத்தில் தலை வைத்த போராட்டத்தைத் தமிழ்நாட்டு அரசியல் மறக்கவில்லை. பெயருக்காகப் போராடிய அந்தக் காலத்தில் புழுதிக்காகப் போராடலாம் என்று எவருக்கும் தோன்றியிருக்காது. அரியலூரில் அரசின் சிமென்ட் ஆலை 1979-இல் உற்பத்தியைத் தொடங்கியது, ஆண்டுக்கு 5 லட்சம் டன் திறன். அப்போது இது திருச்சி மாவட்டம். காற்று மாசுத் தடுப்புச் சட்டம் 1981-இல்தான் வந்தது. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டம் போபால் விபத்துக்குப் பிறகு, 1986-இல். ஆக, இங்கே சட்டத்தைவிட ஆலைக்கு வயது அதிகம்.

வந்த ஆலையை ஊர் வரவேற்றது என்பதையும் சொல்ல வேண்டும். வானம் பார்த்த பூமி இது. செந்துறை, ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரி, பெரம்பலூர்ப் பக்கம் பருத்தி, பின்னாளில் மக்காச்சோளம், சின்ன வெங்காயம். மழை பொய்த்தால் திருப்பூருக்கோ சென்னைக்கோ பஸ் ஏற வேண்டியதுதான். அரசு ஆலையில் வேலை என்றால் கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளையின் மதிப்பு ஏறிய காலம். ஆலத்தியூர், ரெட்டிப்பாளையம், தளவாய், கோவிந்தபுரம், தாமரைக்குளம், கீழப்பழுவூர் என்று தனியார் ஆலைகள் வரிசையாக வந்தன. நிலத்தை விற்றவர்கள் ஏக்கருக்குச் சில ஆயிரம் கிடைத்ததைப் பெரிய தொகையாக நினைத்தார்கள். சட்டத்தின் கண்ணிலும் அது வெறும் நிலம், கீழே கிடந்தது வெறும் கல், டன்னுக்கு இவ்வளவு ராயல்டி, அத்தோடு சரி.

1994-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு கட்டாயமானது. 1997-இல் கருத்துக்கேட்புக் கூட்டம் வந்தது. என் பார்வையில் இந்த ஊர்களுக்குச் சட்டம் கொடுத்த மிகப் பெரிய உரிமை இதுதான். அதுவரை ஆலை வருவது கம்பி வேலி போடும்போதுதான் தெரியும். இப்போது 30 நாள் முன்னதாக நாளிதழில் அறிவிப்பு, பந்தல், ஒலிபெருக்கி, மாவட்ட ஆட்சியர், மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி, எழுந்து பேச மக்களுக்கு உரிமை. எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் மூன்று குறைகள் தவறாமல் வரும்: வெடியில் சுவர் விரிசல் விடுகிறது, கிணற்றில் தண்ணீர் இறங்குகிறது, கல் லாரி போகும் சாலையில் புழுதியும் விபத்தும். அதே கூட்டத்தில் எழுந்து, ஆலை வரட்டும், உள்ளூர்ப் பிள்ளைகளுக்கு வேலை கொடுங்கள் என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களை ஆலையின் ஆட்கள் என்று சூழல் ஆர்வலர்கள் ஒதுக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. படித்துவிட்டு வேலையில்லாமல் வீட்டில் இருக்கும் பிள்ளையும் ஊரின் குறைதான்.

கூட்டத்துக்கு வைக்கும் அறிக்கை பல நூறு பக்கம், ஆங்கிலத்தில். சுருக்கம் மட்டும் தமிழில். 2020-இல் இந்த விதிகளை மாற்றி எழுத ஒன்றிய அரசு ஒரு வரைவைக் கொண்டுவந்தது. அறிவிப்புக் காலத்தை 30 நாளிலிருந்து 20 ஆகக் குறைக்கும் யோசனை அதில் இருந்தது. மக்களிடம் கருத்துக் கேட்ட அந்த வரைவை மக்களின் மொழிகளில் வெளியிடச் சொல்லி டெல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. வரைவு சட்டமாகவில்லை.

ஜெயங்கொண்டம் கதை வேறு மாதிரி. இங்கே பூமிக்கடியில் பழுப்பு நிலக்கரி இருக்கிறது. 1990-களின் பிற்பாதியில், சுரங்கமும் அனல்மின் நிலையமும் அமைப்பதாகச் சொல்லி, மாநில அரசின் தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோ மூலம் 13 கிராமங்களில் 8,000 ஏக்கருக்கு மேல் கையகப்படுத்தினார்கள். அன்று நிலமெடுக்க அரசின் கையிலிருந்தது வெள்ளைக்காரன் காலத்து 1894-ஆம் ஆண்டுச் சட்டம். அதில் பொதுநோக்கம் என்று அரசு சொன்னால் பேச்சு முடிந்தது, இழப்பீடு போதாதென்றால் கோர்ட்டுக்குப் போகலாம். போனார்கள். ஆயிரக்கணக்கில் வழக்குகள். முதலீட்டாளர் மாறினார், திட்டத்தின் அளவு மாறியது, சுரங்கம் மட்டும் வரவில்லை. நிலம் வருவாய்ப் பதிவேட்டில் அரசுடையது, உழுதுகொண்டிருந்தவர் பழைய உரிமையாளர். மகளின் கல்யாணத்துக்கு விற்க முடியாது, வங்கியில் அடகு வைக்க முடியாது, கிணறு வெட்டக் கடன் கிடையாது. ஒரு தலைமுறை இப்படியே போனது. இறுதியில் அரசு திட்டத்தைக் கைவிட்டு நிலத்தைத் திருப்பித் தர முடிவு செய்தது.

வராத சுரங்கத்தால் கரி வெளிவரவில்லை என்பதால் இதைச் சூழல் வெற்றி என்று சிலர் எழுதுகிறார்கள். அந்தக் கிராமங்களில் போய் இதைச் சொல்லிப் பார்க்கட்டும். 2013-இல் வந்த புதிய நிலமெடுப்புச் சட்டம், எடுத்த நிலத்தை ஐந்து ஆண்டு பயன்படுத்தாமல் போட்டால் உரியவரிடமோ அரசின் நில வங்கியிடமோ திரும்ப வேண்டும் என்கிறது. 'நில வங்கியிடமோ' என்று ஓர் இணைப்பைப் போட்டுவிட்டதால் விவசாயிக்கு அதில் எவ்வளவு மிஞ்சும் என்பது அந்தந்த அரசின் மனசைப் பொறுத்தது.

அரியலூர் மாவட்டத்தின் தெற்கு எல்லை கொள்ளிடம் ஆறு. திருமானூர், தா.பழூர் பக்கம் நெல் விளையும் டெல்டா. 2020 பிப்ரவரி 9 அன்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி காவிரி டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆகும் என்று அறிவித்தபோது அரியலூரின் பெயரும் இருந்தது. அதே மாதம் 20-ஆம் தேதி சட்டசபையில் நிறைவேறிய சட்டத்தில் அரியலூர், திருச்சி, கரூர் மூன்றும் இல்லை. பதினோரு நாளில் ஆற்றின் அரியலூர்க் கரை டெல்டாவிலிருந்து வெளியேறிவிட்டது!

இந்த விடுபடலின் விளைவு உடனே தெரிந்தது. 2021-இல் ஓஎன்ஜிசி நிறுவனம் அரியலூர் மாவட்டத்தில் 10 ஆய்வுக் கிணறுகள் தோண்ட அனுமதி கேட்டது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2020 ஜனவரியில்தான் ஒன்றிய அரசு விதியைத் திருத்தி, எண்ணெய் எரிவாயு ஆய்வுக்குக் கருத்துக்கேட்பே தேவையில்லை என்று தளர்த்தியிருந்தது. அந்தத் தளர்வு அனுமதி தரும் அதிகாரத்தை மாநில அளவிலான ஆணையத்துக்கு இறக்கிவிட்டது. மாநிலம் 2021 ஜூனில் முடியாது என்று சொல்லிவிட்டது. ஊரார் வாயை அடைக்க வந்த விதி ஊருக்கே உதவியது. அடுத்து 2023 மார்ச் இறுதியில் ஒன்றிய நிலக்கரி அமைச்சகத்தின் ஏலப் பட்டியலில் தஞ்சை மாவட்டம் வடசேரி, கடலூர் மாவட்டம் சேத்தியாத்தோப்புக் கிழக்கு ஆகியவற்றோடு அரியலூர் மாவட்டம் மைக்கேல்பட்டியும் இடம்பெற்றது. ஏப்ரல் 4 அன்று முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். ஏப்ரல் 8 அன்று மூன்று பகுதிகளும் ஏலத்திலிருந்து நீக்கப்படுவதாக ஒன்றிய அமைச்சர் பிரகலாத் ஜோஷி அறிவித்தார்.

நல்ல முடிவுதான். ஆனால் மைக்கேல்பட்டி தப்பியது ஒரு கடிதத்தாலும் அன்றைய அரசியல் சூட்டாலும். வேறொரு நாளில் வேறொரு முதல்வர் கடிதம் எழுத மறந்தால்? கொள்ளிடத்தின் வடகரை ஒன்றியங்களைச் சட்டத்தில் சேர்ப்பது ஒரு பத்தித் திருத்தம். அதைச் செய்யாமல் டெல்டாவைக் காத்தோம் என்று இந்த இரண்டு முதல்வர்களின் கட்சிகளும் மேடையில் சொல்வதைக் கேட்கும்போது எரிச்சலாக இருக்கிறது.

இனி அந்த 2025 அக்டோபர் விதிக்கு வருவோம். 2022-இல் எரிசக்திச் சேமிப்புச் சட்டம் திருத்தப்பட்டது, 2023 ஜூனில் கரிம வரவு வணிகத் திட்டம் அறிவிக்கப்பட்டது, அதன் தொடர்ச்சி இது. சிமென்ட், அலுமினியம், காகிதம், குளோர் ஆல்கலி ஆகிய நான்கு தொழில்களில் 282 ஆலைகள். அவற்றில் 186 சிமென்ட் ஆலைகள். 2023-24-இல் ஒரு டன் சரக்குக்கு எவ்வளவு கரி விட்டார்களோ அதை அடிப்படையாக வைத்து, 2025-26-க்கும் 2026-27-க்கும் ஆலைவாரியாக இலக்கு. இலக்கைத் தாண்டிக் குறைத்தவர் வரவுச் சான்றிதழ் பெற்று விற்கலாம். தவறியவர் வாங்க வேண்டும். வாங்காவிட்டால் சந்தைச் சராசரி விலையைப் போல் இருமடங்கு இழப்பீடு கட்ட வேண்டும்.

ஆலைகள் இதற்கு முன்பே கணக்குப் போடத் தொடங்கிவிட்டன. அனல்மின் நிலையச் சாம்பலைக் கலப்பது, சூளையின் வீண் வெப்பத்தில் மின்சாரம் எடுப்பது, குப்பையை எரிபொருளாக்குவது, இவையெல்லாம் செலவையும் குறைக்கும் என்பதால் சட்டம் சொல்லாமலேயே நடந்தவை. 2019-இல் டால்மியா நிறுவனம் தமிழ்நாட்டு ஆலையில் ஆண்டுக்கு 5 லட்சம் டன் கரியமில வாயுவைப் பிடிக்கும் அமைப்பு வரும் என்று அறிவித்தது உலகச் சிமென்ட் வட்டாரத்தில் பேசப்பட்டது. கல்லிலிருந்து வரும் கரிக்குக் கலப்பைக் கூட்டுவது, பிடித்து வைப்பது என்ற இரண்டு வழிகளைத் தவிர வேறு பெரிய வழி இன்று இல்லை.

விதியின் ஓட்டை எங்கே என்றால், இலக்கு ஒரு டன்னுக்கு இவ்வளவு என்று இருக்கிறது, மொத்தம் இவ்வளவுதான் என்று இல்லை. டன்னுக்குக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு உற்பத்தியை இரட்டிப்பாக்கும் ஆலை இலக்கை எட்டிய ஆலைதான், வரவுச் சான்றிதழும் விற்கலாம். நாடு வீடு கட்ட வேண்டும், சிமென்ட் வேண்டும், ஆகவே மொத்தத்துக்கு உச்சவரம்பு இப்போது வராது என்பதைப் புரிந்துகொள்ளலாம். ஆனால் அந்த இரட்டிப்பு உற்பத்திக்கான கூடுதல் குழியும் கூடுதல் லாரியும் இதே ஊர்களில்தான். வானத்துக்குப் போகும் கரிக்குச் சட்டம் ஒரு சந்தையை வகுத்துவிட்டது. சாலையோர வீட்டுத் திண்ணையில் படியும் புழுதிக்கு எந்தச் சந்தையும் இல்லை.

பணம் பற்றிய வழக்கு இன்னும் சுவையானது, தொடங்கியதும் தமிழ்நாட்டுச் சுண்ணாம்புக்கல்லில்தான். 1958-ஆம் ஆண்டுச் சென்னைப் பஞ்சாயத்துச் சட்டப்படி நிலவரியில் ரூபாய்க்கு 45 காசு உள்ளாட்சி வரி உண்டு. சுரங்க ராயல்டியும் நிலவரிதான் என்று சொல்லி அதன் மேலும் வரி போட்டார்கள். இந்தியா சிமென்ட்ஸ் வழக்குப் போட்டது. ராயல்டியே ஒரு வரி, வரி மேல் வரி போட மாநிலத்துக்கு அதிகாரமில்லை என்று 1989-இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் தீர்ப்பளித்தார்கள். பஞ்சாயத்துக்கு வரவேண்டிய காசு அத்தோடு நின்றது. 35 ஆண்டு கழித்து, 2024 ஜூலை 25 அன்று, ஒன்பது நீதிபதிகள் அமர்வு எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை மாற்றியது: ராயல்டி வரி இல்லை, கனிம நிலத்துக்கு மாநிலம் வரி போடலாம். அந்த ஆண்டே தமிழ்நாடு கனிம நில வரிச் சட்டத்தை நிறைவேற்றியது. 2025 ஏப்ரல் முதல் சுண்ணாம்புக்கல்லுக்கு டன்னுக்கு 160 ரூபாய். ராயல்டியே 80 ரூபாய்தான் என்பதை வைத்துப் பார்த்தால் இது பெரிய தொகை. மூட்டைக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு ரூபாய் வரை வரும் என்பது என் கணக்கு, அது கடைசியில் வீடு கட்டுகிறவர் தலையில்தான் விழும்.

அன்று பறிபோனது பஞ்சாயத்தின் காசு. இன்று திரும்பி வந்திருப்பது மாநில அரசின் வரி. சுரங்க ஊர்களுக்கென்று தனியே இருப்பது 2015-இல் உருவான மாவட்டக் கனிம அறக்கட்டளை. பழைய குத்தகைகளில் ராயல்டியில் 30 விழுக்காடு, அதாவது டன்னுக்கு 24 ரூபாய் அதில் சேர வேண்டும். 2024-இல் திருத்திய நெறிமுறையில், சுரங்கத்திலிருந்து 15 கிலோமீட்டருக்குள் இருப்பவை நேரடியாகப் பாதிக்கப்பட்ட ஊர்கள், நிதியில் குறைந்தது 70 விழுக்காடு அவற்றுக்கே போக வேண்டும் என்று இருக்கிறது. அரியலூரில் இந்தப் பணம் எந்த ஊரில் எதற்குச் செலவானது என்று கிராமசபையில் கேட்கலாம். கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும்.

தண்டனையின் பக்கம் நிலைமை தலைகீழ். 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தை மீறினால் ஐந்து ஆண்டு வரை சிறை என்று ஏட்டில் இருந்தது. 2023-இல் திருத்தி, 2024 ஏப்ரல் முதல் சிறையை எடுத்துவிட்டு, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் ரூபாய் வரை அபராதம் என்று ஆக்கிவிட்டார்கள். சிறைக்குப் போனவர் யார் என்று கேட்கலாம், நியாயம்தான். ஆனால் பெரிய ஆலைக்கு 15 லட்சம் எந்த மூலைக்கு? அனுமதி வாங்காமலே வேலையைத் தொடங்கிவிட்டுப் பிறகு அனுமதி கேட்பது செல்லாது என்று 2025 மே 16 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆறே மாதத்தில் அந்த நம்பிக்கையும் தேய்ந்தது. நவம்பர் 18 அன்று மூவர் அமர்வு இரண்டுக்கு ஒன்று என்று அந்தத் தீர்ப்பைத் திரும்பப் பெற்றது. மறுத்து எழுதியவர் நீதிபதி உஜ்ஜல் புயான். 2024 மார்ச்சில் இதே நீதிமன்றம்தான் பருவநிலை மாற்றத்தின் தீங்கிலிருந்து காக்கப்படுவது அரசமைப்புச் சட்டம் தரும் உரிமை என்றது. 2025 ஜூலையில் ஹேக் நகரத்து சர்வதேச நீதிமன்றம், பருவநிலையைக் காப்பது நாடுகளின் சட்டக் கடமை என்று கருத்துரைத்தது. உச்சியில் பெரிய வார்த்தைகள் வந்துகொண்டிருக்கின்றன, கீழே அபராதப் பட்டியல் சுருங்குகிறது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. திருமானூர்ப் பக்கத்துக் கரைவெட்டி ஏரி, புள்ளம்பாடி வாய்க்கால் தண்ணீர் வரும் ஏரி, 1999-இல் பறவைகள் சரணாலயமாகி, 2024 ஜனவரியில் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. 453 ஹெக்டேருக்குச் சற்று மேல். இமயத்தைத் தாண்டி வரித்தலை வாத்து வந்து இறங்கும் இடம் அது. விவசாயிகளும் அதே தண்ணீரில் பாசனம் செய்கிறார்கள். பறவைக்குச் சட்டம் கிடைத்துவிட்டது. சிப்பிக்கும் கல்மரத்துக்கும் இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை. சாத்தனூர் மரத்துக்கு வேலி இருக்கிறது, வாரணவாசியில் அருங்காட்சியகம் இருக்கிறது, காரைப் பள்ளத்தாக்கிலோ புதைபடிவத்தைப் பையில் போட்டுக்கொண்டு போகிறவரைத் தடுக்க ஆளில்லை. புவிமரபு இடங்களுக்கான வரைவுச் சட்டம் ஒன்றை 2022 டிசம்பரில் கருத்துக்கு வைத்தார்கள், அத்தோடு சரி.

எல்லாவற்றையும்விட அவசரமானது ஒரு தேதி. 2015-இல் திருத்திய கனிமச் சட்டப்படி, ஆலைகள் சொந்தப் பயன்பாட்டுக்கு வைத்திருக்கும் பழைய குத்தகைகள் 2030 மார்ச் 31 வரையோ 50 ஆண்டு நிறைவு வரையோ, எது பிந்தியதோ அதுவரை செல்லும். அதன் பிறகு ஏலம். இங்கே பல குழிகளின் கதை அந்தத் தேதியை ஒட்டி முடியும் அல்லது கைமாறும். வெட்டி முடித்த குழியை என்ன செய்வது என்பதற்கு ஒவ்வொரு சுரங்கத்துக்கும் மூடல் திட்டம் இருக்க வேண்டும் என்பது விதி. வெட்டிய நிலத்தில் மறுபடி புல் வளர்த்து மாடு மேயும் தகுதிக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2020 ஜனவரி 8 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. புகையின் கணக்கை டெல்லியில் இருப்பவர்கள் பார்த்துக்கொள்வார்கள், அதில் காசு புரள்கிறது. குழியின் கணக்கை ஊர்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே இந்த இரு மாவட்டத்து வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கருத்துக்கேட்புக் கூட்டத்தில் வேலையும் கேளுங்கள், சாலையும் கேளுங்கள். கூடவே உங்கள் ஊர்ச் சுரங்கத்தின் மூடல் திட்டத்தைத் தமிழில் கேளுங்கள், எந்த ஆண்டு எத்தனை ஏக்கர் திரும்பி வரும் என்று கேளுங்கள். கேட்டதைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள், எழுதியதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். அதற்குச் சட்டத்தில் இடமிருக்கிறது.